பத்தாயிரத்தில் நான்கு பங்கே உள்ள கரியமில வாயு பூமியை எப்படிச் சூடாக்க முடியும்?

நூலகத்தான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிறன்று எங்கள் வீட்டு விருந்தில் எழுந்த ஒரு வாதத்திற்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. என் மைத்துனர் தணிக்கையாளர். எண்ணைக் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். பேச்சு வெயிலில் தொடங்கிப் புவி வெப்பமாதலில் வந்து நின்றதும், அவர் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணம் பொன்னி அரிசியைக் கொண்டுவந்து தட்டில் கொட்டினார். "இதில் 10,000 மணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், காற்றில் கரியமில வாயுவின் பங்கு இவ்வளவுதான்" என்று சொல்லி, நான்கே நான்கு மணிகளைச் சுட்டுவிரலால் தட்டின் ஓரத்திற்குத் தள்ளினார். தொழிற்புரட்சிக்கு முன்பு மூன்று மணிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது இன்று நான்குக்குச் சற்று அதிகமாகியிருக்கிறது என்றால், ஏறக்குறைய ஒன்றரை மணி அரிசியா உலகத்தைச் சூடாக்குகிறது என்பது அவருடைய கேள்வி.

தேடிப் பார்த்ததில் அவருடைய எண்கள் சரியாகவே இருக்கின்றன. பத்து லட்சம் மூலக்கூறுகளில் 280 ஆக இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதாவது 10,000-இல் 2.8 என்பது 4.2 ஆகியிருக்கிறது. அவர் அடுத்துக் கேட்டது இதைவிடக் கடினமாக இருந்தது. நீராவியும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுதானே, அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு அதிகமாகக் காற்றில் இருக்கிறதே, பிறகு ஏன் எல்லோரும் நீராவியை விட்டுவிட்டுப் புகைபோக்கியின் மீது பழி போடுகிறார்கள் என்றார்.

பள்ளிப் பாடநூலில் உள்ள "போர்வை போல" என்ற உவமையைச் சொன்னேன். நான்கு நூல் இழை போர்வையாகுமா என்று கேட்டு அதையும் முறித்துவிட்டார். உவமை வேண்டாம், கணக்காக, காரணமாக யாரேனும் விளக்குவீர்களா?

வெயிலுகந்தான் எழுதுகிறார்:

தங்கள் மைத்துனரின் தட்டையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது நல்ல தட்டு. அவர் தவறான மணிகளை எண்ணிவிட்டார், அவ்வளவுதான். ஈரமில்லாத காற்றில் 10,000 மூலக்கூறுகளை எண்ணினால் அவற்றில் ஏறத்தாழ 7,808 நைட்ரஜன், 2,095 ஆக்சிஜன், 93 ஆர்கான், மீதி 4 கரியமில வாயு. பூமியின் தரை வெயிலில் சூடாகி அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே அனுப்பும்போது, முதல் மூன்றும் சேர்ந்த 9,996 மூலக்கூறுகள் அந்தக் கதிரை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. கண்ணாடி வழியே வெளிச்சம் போவதைப் போல அவற்றின் வழியே அது போய்விடும். எனவே வெப்பத்தைப் பற்றிய கணக்கில் அந்த 9,996 மணிகளும் எத்தனை இருந்தாலும் ஒன்றுதான். நான்கு என்ற எண்ணை அவற்றோடு வகுத்துப் பார்ப்பதில் பொருள் இல்லை.

ஏன் கண்டுகொள்வதில்லை என்பதற்கு எளிய காரணம் உண்டு. ஒரு மூலக்கூறு அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்க வேண்டுமானால், அது அதிரும்போது அதன் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வர வேண்டும். நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஒரே வகையான இரண்டு அணுக்கள் மட்டுமே இருப்பதால், அவை நீண்டாலும் சுருங்கினாலும் சாய்வு ஏற்படுவதில்லை. ஆர்கான் ஒற்றை அணு, அதற்கு அதிர்வே கிடையாது. கரியமில வாயுவில் நடுவே ஒரு கார்பனும் இருபுறமும் ஆக்சிஜனும் நேர்க்கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோடு வில்லைப் போல வளைந்து நிமிரும் அதிர்வு 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் நிகழ்கிறது. பூமி மிகுதியாக வெப்பத்தை வெளியிடும் அலைநீளங்களின் நடுப்பகுதிக்கு மிக அருகில் அது அமைந்திருப்பதுதான் இந்தக் கதை முழுவதற்கும் வேர்.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஜான் டின்டால். லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1859-இல் ஒரு நீண்ட குழாய்க்குள் வாயுக்களை ஒவ்வொன்றாக நிரப்பி, ஒரு முனையில் வெப்ப மூலத்தை வைத்து, மறுமுனையில் வந்துசேர்ந்த வெப்பத்தைப் பார்த்தார். அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் என்ற அம்மையார், கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல் வெயிலில் சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடேறுவதைக் காட்டியிருந்தார். அவருடைய பெயர் நெடுங்காலம் யாருக்கும் நினைவில்லாமல் போனது வருத்தத்திற்குரியது.

சதவீதத்தை விட்டு அளவைப் பாருங்கள். தங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தைக் குறித்துக்கொண்டால், அதன் மீது வானம் வரை நிற்கும் காற்றுத் தூணில் ஏறத்தாழ ஆறரைக் கிலோ கரியமில வாயு இருக்கிறது. அதைத் தனியே பிரித்துத் தரைமட்ட அழுத்தத்தில் படியவைத்தால் மூன்று மீட்டருக்கு மேல் கனமுள்ள அடுக்காகும், அதாவது தரையிலிருந்து கூரை வரை ஓர் அறையை நிரப்பும். ஓசோனை இதே போலப் படியவைத்தால் வெறும் 3 மில்லிமீட்டர்தான் தேறும். அந்த 3 மில்லிமீட்டர்தான் புற ஊதாக் கதிரிலிருந்து நம் தோலைக் காப்பாற்றுகிறது என்பதைத் தங்கள் மைத்துனர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

வானம்பார்த்தவள் எழுதுகிறார்:

நீராவியைப் பற்றி நான் சொல்கிறேன். கடலோர ஊர்களில் ஐப்பசி மாதத்துக் காற்றில் 10,000 மூலக்கூறுகளுக்கு 300 நீராவி மூலக்கூறுகள் சர்வ சாதாரணமாக இருக்கும். பூமியின் இயல்பான வெப்பப் பிடிப்பில் ஏறத்தாழ பாதி நீராவியாலும், கால் பங்கு மேகங்களாலும், ஐந்தில் ஒரு பங்கு கரியமில வாயுவாலும் நிகழ்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஆகவே நீராவி பெரியது என்று தங்கள் மைத்துனர் சொன்னது முற்றிலும் உண்மை. அதை வாதத்தில் மறுக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள்.

ஆனால் நீராவிக்குத் தன் விருப்பப்படி கூடவோ குறையவோ இயலாது. காற்றின் வெப்பநிலை எவ்வளவோ அதற்கேற்ற நீராவிதான் அதில் தங்கும். கூடுதலாக ஏற்றினால் பனியாகவோ மழையாகவோ இறங்கிவிடும். கடலிலிருந்து எழும் ஒரு துளி நீராவி சராசரியாகப் பத்து நாட்களுக்குள் கீழே வந்துவிடுகிறது. உலகத்திலுள்ள எல்லாக் கொதிகலன்களையும் திறந்துவிட்டு நீராவியைக் கொட்டினாலும், அடுத்த மாதம் அது இருந்த சுவடு தெரியாது. கரியமில வாயுவோ நம்முடைய வளிமண்டலத்தின் எந்தக் குளிரிலும் மழையாகப் பொழிவதில்லை. இன்று எரித்த நிலக்கரியிலிருந்து வந்ததில் ஏறத்தாழ பாதியைக் கடலும் நிலமும் வாங்கிக்கொள்ள, மீதி காற்றில் தங்குகிறது. அதிலும் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு இருக்கும்.

இங்கேதான் ஒன்று மற்றொன்றை இழுக்கிறது. கரியமில வாயு கூடிக் காற்று ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) சூடானால், அந்தக் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த நீராவி மேலும் வெப்பத்தைப் பிடிக்கும். அறிவியலாளர்கள் முதலாவதைத் தூண்டுதல் என்றும் இரண்டாவதைப் பின்னூட்டம் என்றும் பிரித்துச் சொல்வது இதனால்தான். தணிக்கையாளருக்குப் புரியும்படி சொன்னால், நீராவி என்பது வட்டி. அசல் எவ்வளவோ அதைப் பார்த்துத்தான் அது ஏறும், இறங்கும். 2010-இல் நாசாவின் கோடார்டு நிறுவன ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றில், கரியமில வாயு முதலிய, மழையாக இறங்காத வாயுக்களை மட்டும் நீக்கிவிட்டு நீராவியைத் தொடாமல் விட்டுப் பார்த்தார்கள். நீராவி தானாகவே மழையாகக் கொட்டிக் குறைந்துகொண்டே போய், பூமியின் சராசரி வெப்பநிலை 50 ஆண்டுகளுக்குள் பூச்சியத்திற்குக் கீழே 21 பாகைக்கு இறங்கியது.

இது வெறும் கணினிக் கதை என்று சொல்வார்கள் என்பதால் நேரில் நடந்த ஒன்றையும் குறிப்பிடுகிறேன். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்து, அதன் கந்தகத் தூசு வெயிலை மறைத்ததால் உலகம் ஏறத்தாழ அரைப் பாகை குளிர்ந்தது. அப்போது காற்றிலிருந்த நீராவியும் கூடவே குறைந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவுசெய்தன. நீராவியின் பின்னூட்டத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்தக் குளிர்ச்சியின் அளவு பொருந்தி வருகிறது. அதை விட்டுவிட்டால் பொருந்துவதில்லை.

இறுதியாக ஒன்று. ஏசி பழுதுபார்க்கும் என் தம்பியிடம், தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி உண்டு. தை மாதத்து இரவு ஒன்றில் மொட்டை மாடியில் நின்று அதை நேர் மேலே பிடித்தபோது பூச்சியத்திற்குக் கீழே 6 பாகை என்று காட்டியது. கால் மணி நேரத்தில் தாழ்வான மேகம் ஒன்று தலைக்கு மேல் வந்ததும் 14 என்று ஏறியது. வானம் நம் மீது திருப்பி அனுப்பும் வெப்பத்தை அவ்வளவு எளிதாகப் பார்த்துவிடலாம். தங்கள் மைத்துனரிடம் கரியமில வாயுவின் வேலையை இப்படியே காட்டிவிடுங்கள்.

ஐயவாதி எழுதுகிறார்:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மிக வலுவான எதிர்வாதத்தை இருவருமே தொடவில்லை. 15 மைக்ரோமீட்டர் கதிர் முழுவதையும் இப்போதுள்ள கரியமில வாயுவே தரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் விழுங்கிவிடுகிறது. ஏற்கெனவே முழுவதும் விழுங்கப்பட்ட ஒன்றை இன்னும் இரு மடங்கு வாயுவைச் சேர்த்து மேலும் விழுங்க முடியாது. சன்னலில் கறுப்புத் துணி தொங்கும்போது இன்னொரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் அறை மேலும் இருளுமா? வாயு இரட்டித்தாலும் விளைவு இரட்டிப்பதில்லை என்பதை உங்கள் அறிவியலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா?

யாழ் ஆசிரியர் எழுதுகிறார்:

ஐயவாதி அவர்களின் கேள்விதான் இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி. இதை அவர் 1900-ஆம் ஆண்டில் கேட்டிருந்தால் ஐரோப்பாவின் பெரும்பாலான இயற்பியலாளர்கள் அவர் பக்கம் நின்றிருப்பார்கள். காபனீரொட்சைட்டு, அதாவது நீங்கள் சொல்லும் கரியமில வாயு, இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் 1896-இல் கணக்கிட்டு வெளியிட்டார். நான்கு ஆண்டுகளில் அதே நாட்டின் நட் ஆங்ஸ்ட்ராம், ஒரு குழாயில் அந்த வாயுவை நிரப்பிப் பின் அதன் அளவைக் குறைத்துப் பார்த்தும் உறிஞ்சல் பெரிதாக மாறவில்லை என்று அறிவித்தார். (அலைநீள அலகுக்குப் பெயர் தந்தவர் இவரல்லர், இவருடைய தந்தை.) அதன் பின் இந்தத் துறையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு உறங்கியது. 1938-இல் கை கேலண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியாளர் மட்டும் விடாமல் வாதாடினார். அன்றைய வானிலை அறிஞர்கள் அவரை மரியாதையோடு கேட்டுவிட்டு ஒதுக்கினார்கள்.

ஆங்ஸ்ட்ராமின் அளவீட்டில் உள்ள குறை எங்கே இருக்கிறதென்றால், அவர் வளிமண்டலத்தை ஒற்றைத் துணியாக எண்ணிவிட்டார். உறிஞ்சிய வளி அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. தன் வெப்பநிலைக்கு ஏற்ப மேலும் கீழும் மீண்டும் கதிர்வீசுகிறது. அதை அடுத்த படை, அதாவது அடுத்த காற்றடுக்கு, உறிஞ்சும், அது மறுபடி வீசும். இவ்வாறு படிப்படியாக ஏறி, மேலே வளி மிகவும் ஐதாகி இனி உறிஞ்ச ஆளில்லை என்ற உயரத்தில்தான் கதிர் விண்வெளிக்குத் தப்பிச் செல்கிறது. பூமி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைத் தீர்மானிப்பது தரையருகே உள்ள படை அன்று, அந்தக் கடைசிப் படையின் வெப்பநிலையே. மலையுச்சியில் நின்று பள்ளத்தாக்கில் படிந்த மூடுபனியைப் பார்த்தால் பனியின் மேற்பரப்பு மட்டுமே நமக்குத் தெரியும். பனி இன்னும் கூடினால் அந்த மேற்பரப்பு உயரும். விண்வெளியிலிருந்து 15 மைக்ரோமீட்டரில் பூமியைப் பார்ப்பதும் அப்படித்தான்.

இப்போது எண்ணுக்கு வருவோம். வளிமண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை குளிரும். கொழும்பிலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போகும் எவரும் கம்பளிச் சட்டை தேடுவது இதனால்தான். பூமி, வாங்கும் வெயிலுக்கு ஈடாக வெப்பத்தை இழக்க வேண்டுமானால் பூச்சியத்திற்குக் கீழே 18 பாகையில் உள்ள ஒரு பொருளைப் போலக் கதிர்வீச வேண்டும். அந்த வெப்பநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, தரையிலோ சராசரி 15 பாகை. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் கதிர் தப்பும் சராசரி உயரம் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போகும். அங்கே ஒரு பாகை கூடுதல் குளிர். குளிர்ந்த படை குறைவாக வீசும். வரவு செலவைவிட மிஞ்சும். மிஞ்சிய வெப்பம் சேர்ந்து, தரை முதல் மேல் வரை முழுத் தூணும் ஒரு பாகைக்குச் சற்று மேல் சூடேறிய பிறகே கணக்கு நேராகும். நீராவியின் வட்டியும் பனி உருகுவது போன்ற பிறவும் சேர்ந்தால் அது ஏறத்தாழ 3 பாகையாகிறது, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை இரண்டரை முதல் நான்கு வரை என்று அதன் எல்லையைக் குறிப்பிடுகிறது. மேகங்கள் எப்படி மாறும் என்பதே அந்த இடைவெளிக்குப் பெருங்காரணம்.

விளைவு வாயுவோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை என்பதும் உண்மையே. 15 மைக்ரோமீட்டரைச் சுற்றி இந்த வாயு உறிஞ்சும் அலைநீளப் பட்டையின் நடுப்பகுதி நிறைந்துவிட்டதால் புதிய உறிஞ்சல் பெரும்பாலும் அதன் இரு ஓரங்களில் நிகழ்கிறது. எனவே 280 இலிருந்து 560 ஆவதும் 560 இலிருந்து 1,120 ஆவதும் ஒரே அளவு விளைவைத் தரும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் இவ்வளவு என்று அறிவியலாளர்கள் பேசுவதன் காரணமும் அதுதான். 280 இலிருந்து 420 என்பது ஒன்றரை மடங்கு. மடக்கைக் (லாகரிதம்) கணக்கில் அது ஓர் இரட்டிப்பின் 58 விழுக்காடு, சதுர மீட்டருக்கு 2 வாற்றுக்குச் (வாட்) சற்று மேல். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு சின்ன இரவு விளக்கை இரவும் பகலும் அணைக்காமல் எரியவிட்டது போல என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்றால் முடியும். 1970-இல் ஏவப்பட்ட நிம்பஸ் 4 செயற்கைக்கோள் பூமியின் வெப்பக் கதிரை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பதிவுசெய்தது. அந்த வரைபடத்தில் 15 மைக்ரோமீட்டரைச் சுற்றி ஆழமான பள்ளம் இருக்கிறது. சூடான நிலத்தின் மேலே பறக்கும்போதும் அந்த அலைநீளத்தில் மட்டும் பூமி பூச்சியத்திற்குக் கீழே 50 பாகைக் குளிரில் உள்ள பொருளைப் போலவே தெரிகிறது. 1997-இல் இன்னொரு கருவி எடுத்த பதிவோடு அதை ஒப்பிட்டபோது, இடைப்பட்ட காலத்தில் காபனீரொட்சைட்டும் மீத்தேனும் உறிஞ்சும் இடங்களில் வெளியேறும் கதிர் மேலும் குறைந்திருந்தது. மற்றொரு சான்று, வானிலை நிகழும் அடுக்குக்கு மேலே உள்ள படை மண்டலம் (ஸ்ட்ரேட்டோஸ்பியர்) குளிர்ந்து வருவது. 1967-இல் மனாபேயும் வெதரால்டும் தம் கணக்கில் இதை முன்கூட்டியே சொன்னார்கள்; மனாபே 2021-இல் நோபல் பரிசு பெற்றவர். சூரியன்தான் காரணமென்றால் அந்தப் படையும் சேர்ந்து சூடேறியிருக்க வேண்டும்.

வானம்பார்த்தவள் அவர்களுக்கு ஒரு சிறு திருத்தம், மனம் நோக வேண்டாம். தங்கள் தம்பியின் வெப்பமானி பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையே பார்க்கும். இடையிலுள்ள காற்று அளவீட்டைக் குழப்பக்கூடாது என்பதற்காகவே, காபனீரொட்சைட்டின் பட்டையைத் தவிர்த்து அதைச் செய்கிறார்கள். ஆகவே அது காட்டிய ஏற்றம் மேகத்துக்கும் நீராவிக்கும் உரியது. அதைக் காபனீரொட்சைட்டின் சான்றாகக் காட்டினால் ஐயவாதி போன்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

வானம்பார்த்தவள் எழுதுகிறார்:

திருத்தத்தை ஏற்கிறேன், ஐயா. கருவியின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். 8–14 என்றே அச்சிட்டிருக்கிறது. வானம் வெப்பம் வீசுகிறது என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

நூலகத்தான் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்து மைத்துனரிடம் கொடுத்தேன். நுவரெலியாப் பத்தியை இரண்டு முறை படித்து, 150 மீட்டர் கணக்கைத் தாளில் தாமே போட்டுப் பார்த்து, சரியென்றார். ஆனால் போகும்போது ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனார். செவ்வாய்க் கோளின் காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயுதானே, அங்கே ஏன் அவ்வளவு குளிர்?

யாழ் ஆசிரியர் எழுதுகிறார்:

தணிக்கையாளர் மீண்டும் சதவீதத்துக்கே திரும்பிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அளவைப் பார்த்தால் அவருடைய கேள்வி இன்னும் கூர்மையாகிறது. செவ்வாயின் வளிமண்டலம் மிக மெலிந்தது, அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தும் ஒரு சதுர மீட்டருக்கு மேல் நிற்கும் காபனீரொட்சைட்டைக் கணக்கிட்டால் அங்கே 160 கிலோவுக்கு மேல் தேறும், நம்முடையதைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. அப்படியும் அது தரும் வெப்ப ஏற்றம் சில பாகைகள்தான்.

ஒரு காரணம் அழுத்தம். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று அடிக்கடி மோதினால்தான் பட்டைக்குள் வாயு உறிஞ்சும் குறுகிய அலைநீளங்களான ஒவ்வோர் உறிஞ்சல் கோடும் அகன்று, கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை மூடும். பூமியில் நைதரசனும் ஒட்சிசனும் தாமாக எதையும் உறிஞ்சாவிட்டாலும், இடித்து இடித்து இந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன. செவ்வாயில் இடிக்க ஆளில்லாததால் கோடுகள் மெல்லியதாக நிற்க, இடைவெளிகளின் வழியே வெப்பம் தப்பிவிடுகிறது. அங்கே கடல் இல்லை, ஆகவே நீராவியின் வட்டியும் இல்லை. வெயிலும் நமக்கு வருவதில் பாதிக்கும் குறைவு. தட்டில் மீதமிருந்த 9,996 மணிகளை வெயிலுகந்தான் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார் அல்லவா, அதை மட்டும் இந்த அளவுக்குத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.